துப்பாக்கிக்காரர் வீடு

அம்மா ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கி தாத்தா பெயரைச் சொன்னால் இப்போதிருக்கும் பயல்களுக்குத் தெரியாது. ‘துப்பாக்கிக்காரர் வீடு’ என்றால் டீக்கடையிலிருந்தே கையைக் காட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் துப்பாக்கி இல்லாமல் போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்கட்டுச் சுவரில் அது மாட்டியிருந்த இரண்டு மர முளைகள் மட்டும் இருக்கின்றன. ஆச்சி இருந்தவரை அதில் வெற்றிலைப் பை தொங்கியது. இப்போது மாமாவின் ஹெல்மெட்.

ஊர் மலையடிவாரத்தில். வீட்டிலிருந்து பார்த்தால் குற்றாலத்து மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். போன சாரல் சீசனில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தேன். மழையில் இரண்டு நாள் நெட் இல்லை. வேலை இல்லாத புரோகிராமர் வீட்டில் எதையாவது திறப்பான். நான் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள், ஒரு கண்ணாடிக்கூடு. அடியில் 1964இல் வாங்கிய துப்பாக்கி உரிமப் புத்தகம், பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதியது. அதன் குறுக்கே ‘ரத்து’ என்று சிவப்பு மை. கூடவே, 1978இல் அவர் கொடுத்த ஒரு மனுவின் கார்பன் நகலும், அதற்கு மறு வருடம் வந்த ஒருவரி பதிலும்.

ரத்தான கதை எனக்கு அரைகுறையாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. தாத்தா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். நிலமே இல்லாத ஆட்கள் பேரில் பயிர்க்கடன் போயிருந்தது. காகிதங்களில் தாத்தாவின் கையெழுத்து. 1971இல் ஒரு வருடம் தண்டனை, பாளையங்கோட்டை ஜெயில். ஆச்சி என்னிடம் இதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினாள். “தெரியாம போட்டாரோ தெரிஞ்சு போட்டாரோ, போட்டது அவருதாம்யா.” அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போதும் எனக்கு விடை தெரியாது. அவர் நிரபராதி என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை.

எழுதவைத்தது அந்த மனு. “தண்டனை முடிந்து ஐந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டபடியால்” என்று ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. எட்டாவது படித்த மனிதருக்கு இந்த ஐந்து வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? நெட் வந்ததும் முதல் வேலையாக 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். அதன் 9ஆம் பிரிவில் இருக்கிறது. வன்முறையோ ஒழுக்கக்கேடோ அடங்கிய குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து வருடம் வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐந்து வருடம் கழிந்தால் அந்தத் தடை தானாக விழுந்துவிடும். யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா தாத்தாவுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆயுள்தடை இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் டீமில் இருக்கும் அமெரிக்கர் ஒருவர் மூலம் அந்த ஊர்ச் சண்டை எனக்குக் கொஞ்சம் பழக்கம். அங்கே 1968ஆம் வருடச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலும் துப்பாக்கி உரிமை போய்விடும், அநேகமாகச் சாகும்வரை. கத்தி எடுத்தவனா கணக்கில் பொய் எழுதியவனா என்று அந்தச் சட்டம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பென்சில்வேனியாவில் பிரையன் ரேஞ்ச் என்பவர், உணவு உதவி விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தை மறைத்ததாக 1995இல் தண்டிக்கப்பட்டார். ஜெயிலுக்கே போகவில்லை, நன்னடத்தைக் காவல்தான். ஆனாலும் வேட்டைத் துப்பாக்கி வாங்க முடியாது. வழக்கு போட்டு, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்து, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்ப, 2024 டிசம்பரில் மறுபடி ஜெயித்தார். தடையை நீக்கச் சொல்லி மனுச் செய்ய அவர்கள் சட்டத்தில் ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மனுக்களைப் பரிசீலிக்கப் பணம் ஒதுக்கமாட்டோம் என்று 1992லிருந்து வருடாவருடம் நாடாளுமன்றம் தடுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கதவை வேறு வழியாகத் திறக்கும் வேலை 2025இல்தான் தொடங்கியது.

அவர்களுக்கு அது அரசியல் சாசனம் தந்த உரிமை, பறித்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள். நம் கதை வேறு. இங்கே அது உரிமையாக இருந்ததா என்பதே கேள்வி. அதற்கு இருநூறு வருடம் பின்னால் போகவேண்டும், தூரமாக அல்ல, எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே.

தென்காசிப் பக்கம் துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே செங்கோட்டை வாஞ்சிக்குப் போய்விடுவார்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ், பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அதற்கு லைசென்ஸ் கிடையாது என்பதால் நம் கதைக்குள் அது வராது. நான் சொல்லவருவது அதற்கு நூற்றுப்பத்து வருடம் முந்தியது. சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி, பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், எல்லாமே இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் வரும் பழைய பாளையங்கள். அந்த மண்ணில் ஆயுதம் என்பது தனியாக அனுமதி வாங்கிய பொருளாக இருந்ததில்லை. நிலத்தோடும் காவலோடும் சேர்ந்தே வந்தது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டான். அது முழுசாக நடக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி மறுபடி எழுந்தது. ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தோற்றபின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் தெற்குச் சீமைக்கு ஒரு பிரகடனம் வந்தது.

அந்தப் பிரகடனத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்கின்றன. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. அடங்கி இருப்பவர்களுக்குப் பொது மன்னிப்பு உண்டு. நிலத்துக்கு நிரந்தரத் தீர்வை வரும். 1803இல் அது வந்தது, பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். மன்னிப்பும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது, பல்லக்கும் பட்டமும்கூடக் கிடைத்தன. ஆயுதம் மட்டும் திரும்பவில்லை. மன்னிக்கப்பட்டவன் என்பதும் நம்பப்படுகிறவன் என்பதும் வேறு வேறு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. என் தாத்தாவின் மனுவுக்கு வந்த பதிலைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பிரகடனம்தான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கவும் இல்லை. 1857க்குப் பிறகு நாடு முழுக்க ஆயுதக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டிருந்தபோது, 1861இல் மைசூர் கமிஷனர் மார்க் கப்பன் குடகு மக்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். இன்றைக்கும் கொடவர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. லிட்டன் காலத்தில் 1878ஆம் வருட ஆயுதச் சட்டம் வந்தபோதும் விதிகளில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. இந்தியன்தான் தன் யோக்கியதையைக் காட்டி அனுமதி வாங்கவேண்டும்.

காங்கிரஸ்காரர்களுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. 1931 கராச்சித் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஒவ்வொரு குடிமகனும் ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதும் ஒன்று. அகிம்சையை விரதமாகக் கொண்ட கட்சி இதை எழுதியது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதையே அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கேட்டார். அம்பேத்கர் மறுத்தார். எவரும் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசை நடத்துவது எப்படி என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அம்பேத்கர் சொன்னதுதான் சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வெள்ளைக்காரன் கையில் இருந்த ‘உனக்குத் தகுதி இருக்கிறதா’ என்ற கேள்வி அப்படியே நம் அதிகாரிகள் கைக்கு வந்தது.

தாத்தாவுக்கு வந்த பதில் இதுதான்: “முந்தைய தண்டனையைக் கருத்தில் கொண்டு மனு நிராகரிக்கப்படுகிறது.” 9ஆம் பிரிவின் தடை முடிந்துவிட்டது, சரி. ஆனால் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ‘எந்தக் காரணத்தாலும்’ தகுதியற்றவர் என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம். முன்கதவை ஐந்து வருடத்தில் திறந்துவிட்டு, உள்கதவின் சாவியை வேறொருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். என் தொழிலில் இப்படி எழுதினால் கோட் ரிவியூவில் திருப்பி அனுப்புவார்கள். காலாவதித் தேதியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதைக் கண்டுகொள்ளாத நிபந்தனையை அடுத்த வரியில் வைத்தால் முதல் வரி எதற்கு? சட்டம் கோட் இல்லை என்று என் வக்கீல் நண்பன் சொன்னான். “மனுஷனப் பாத்து முடிவு பண்ணணும்லா, அதுக்குத்தான்டே அந்த வரி.” யார் மனுஷனைப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மனுஷனைப் பார்த்து முடிவெடுத்த கதை ஒன்று திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு, துப்பாக்கி இல்லாத கதை. வ.உ.சி.க்கு 1908 ஜூலை 7ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே நாற்பது வருடத் தண்டனை கொடுத்தார். பேசியதற்குத்தான். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் கண்ணனூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். வக்கீல் சன்னது போய்விட்டிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பிழைப்புக்கு அல்லாடினார். திருநெல்வேலியில் இருந்தபோதே அவரை அறிந்திருந்த வாலஸ் என்ற ஆங்கிலேயர் பின்னால் சென்னையில் நீதிபதி ஆனார். அவர் முயற்சியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. அதன்பின் கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டபோது நன்றியின் கதையாகத்தான் தெரிந்தது. இப்போது யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வாலஸ் அந்த நாற்காலிக்கு வராமல் போயிருந்தால்?

தாத்தாவுக்கு வாலஸ் இல்லை. 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்திருக்கலாம், அதற்கு நாள் கெடு உண்டு. காரணத்தைச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேட்டிருக்கலாம். செய்யவில்லை. அந்தப் பதிலை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். துப்பாக்கி அதற்கு முன்னாலேயே போய்விட்டது. ரத்தானதும் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். கெடுவுக்குள் உரிமம் உள்ள யாருக்காவது விற்றிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும். அவர் விற்கவில்லை. காலம் கடந்து சர்க்காருக்குப் போனது.

அந்தத் துப்பாக்கியால் அவர் எதையும் கொன்றதாக மாமாவுக்கு ஞாபகம் இல்லை. மருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து வெடிப்பார், அவ்வளவுதான். பன்றி ஓடிவிடும். கடலைக் காட்டுக்கும் மரச்சீனிக்கும் ராத்திரி காவலுக்கு, அடுத்த வயல்காரர்கள் வந்து “அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம பக்கம் ஒரு எட்டு வாங்க” என்று கூப்பிடுவார்களாம். பரணில் கட்டஞ்சாயா வரும். ஜெயிலிலிருந்து வந்தபின் யாரும் கூப்பிடவில்லை. துப்பாக்கி இல்லாததால் கூப்பிடவில்லையா, ஜெயிலுக்குப் போனதால் கூப்பிடவில்லையா என்பதை அவரால் பிரித்துப் பார்க்க முடிந்திருக்காது. மனு கொடுத்ததே அதைத் தெரிந்துகொள்ளத்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. ஆச்சிக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. “கொடுத்துருந்தா ரெண்டு ஏக்கர் கடல மிஞ்சிருக்கும்” என்பாள் என்று மாமா சொன்னார்.

இதை எல்லாம் படித்து முடித்த சூட்டில் மாமாவிடம், நாம் ஒரு மனு போட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். 21 வயது ஆன எவரும் விண்ணப்பிக்கலாம், பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்று விளக்கினேன். மாமா மீது வழக்கு எதுவும் கிடையாது.

“எதுக்குடே? இப்ப பன்னியச் சுடணும்னா வனத்துறைக்காரந்தான் சுடணும்ங்கான். அதுவும் காட்டுலருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி. நம்ம தோப்பு காட்டுக்குள்ளயே கெடக்கு. ஆனை வந்தா துப்பாக்கிய வச்சு என்ன செய்ய, சலாம் போடவா?” என்றார்.

அன்று ராத்திரி மேக்கரைப் பக்கம் யானை இறங்கியிருப்பதாக வாட்ஸாப்பில் தகவல் வந்தது. மாமா முளையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, டார்ச்சையும் ஒரு காலித் தகர டின்னையும் என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தார். தோப்பு வாசலில் பக்கத்துத் தோட்டத்துப் பையன் நின்றிருந்தான். டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டான்.

“யாரு, துப்பாக்கிக்காரர் பேரனா?”