பள்ளியின் பரணும் பகுதியின் வரலாறும்

 

ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கைத் தவறாமல் அச்சிடுகிறோம். ரமலான் கஞ்சிக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்பதுகூடக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் நாம் யார், எப்போது இக்கடற்கரைக்கு வந்தோம், எந்தத் தொழிலைச் செய்தோம் என்பதற்கு நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது? திருமறையிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணையிட்டுக் கொடுக்கும் கடனைச் சாட்சிகளுடன் எழுதி வைக்குமாறு அது கட்டளையிடுகிறது. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து ஹதீஸ்களைத் தொகுத்த சமுதாயம் நாம். அத்தகைய நாம் நம் சொந்த ஊர் விஷயத்தில் காட்டும் அலட்சியம் வியப்புக்குரியது.

வடசென்னையின் ஒரு பள்ளியில், பல ஆண்டுகளுக்கு முன், ரமலானுக்கு வெள்ளையடிக்கும் வேளையில் பரணைக் காலி செய்தார்கள். அங்கே கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய நிக்காஹ் பதிவேடுகளும் அடக்கஸ்தலக் குறிப்புகளும் காகிதக் கடைக்கு எடைக்குப் போயின. மறுநாள் செய்தி அறிந்து ஓடினேன். இரண்டு பதிவேடுகளை மட்டுமே மீட்க முடிந்தது. அவற்றிலும் கரையான் தின்றது போக எஞ்சியது பாதிதான். மணமகனின் தந்தை பெயர், தொழில், மஹர் தொகை, சாட்சிகளின் கையெழுத்து என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் வரலாறு. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைத்தவர்களும் அவற்றில் உண்டு. எவர்மீதும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை அன்று குப்பை என்று கருதியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே.

நம் பகுதிக்கு வரலாறு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அதைவிடப் பெரிய வரலாறு நம் கடலின் வரலாறு. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1870-களில் எழத் தொடங்கின. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அம்மணலைத் துறைமுகச் சுவர் வழிமறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் புகுந்தது. தெருக்களும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின. இன்று நாம் காணும் கருங்கல் தடுப்புகள் அதற்குப் பிறகு வந்தவை. சென்னைவாசிகள் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்தில் நம் கரையின் இழப்பும் ஒரு பங்கு என்பதை எத்தனை பேர் அறிவர்? கடலுக்குள் போன தெருக்களின் பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மவுத்தாகி வருகிறார்கள்.

அமெரிக்க நாட்டில் சிறு மாவட்டங்களில்கூட வரலாற்றுச் சங்கம் ஒன்று இருக்கும். 1791-இல் மாசசூசெட்ஸில் தோன்றிய சங்கமே அந்நாட்டின் முதல் வரலாற்றுச் சங்கம். பல சிற்றூர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் விவசாயிகளும் இல்லத்தரசிகளும் ஊதியமின்றி ஒரு பழைய வீட்டைத் திறந்துவைத்து, ஊராரின் கலப்பையையும் கடிதங்களையும் காட்சிக்கு வைக்கிறார்கள். இது நம்மால் ஆகாத காரியம் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலேயே முன்னுதாரணம் உண்டு, அதுவும் முஸ்லிம்களோடு தொடர்புடைய முன்னுதாரணம்.

எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் தர்பாரில் அரசுப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். 1850-இல் திருவல்லிக்கேணியில் முஸ்லிம் பொது நூலகம் தோன்ற அவரே காரணமானார். அரபு, பாரசீக, உருது நூல்களுக்காக எழுந்த அந்நூலகத்தைச் சமுதாயப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பேற்று நடத்தி வந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1851-இல், அதே பால்ஃபரின் பொறுப்பில் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது. சென்னை இலக்கியச் சங்கம் தந்த சுமார் 1,100 கற்களும் கனிமங்களுமே அதன் முதல் சொத்து. பின்னர் அது எழும்பூருக்கு மாறியது. உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் திரண்டு வருகிறார்கள் என்று கண்ட பால்ஃபர், நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். சென்னை மிருகக்காட்சி சாலை அப்படித்தான் 1855-இல் பிறந்தது. ஒரு மனிதருக்கு இருந்த ஆர்வம் மூன்று நிறுவனங்களானது. இப்போது எழும்பூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம்மவரில் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும்?

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு சிங்கப்பூரில் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், அங்கே சூலியா முஸ்லிம்கள் எனப்பட்டவர்கள், 1826-இல் ஜாமிஆ பள்ளியையும், 1828-க்கும் 1830-க்கும் இடையில் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா என்ற நினைவிடத்தையும் எழுப்பினர். அன்று அத்தெருவே கடற்கரை. பிற்பாடு கடலைத் தூர்த்ததால் கரை விலகிப் போயிற்று. அங்கே கடல் விலகியது, இங்கே நெருங்கியது! 1974-இல் அக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அது பழுது பார்க்கப்பட்டு, 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. தர்கா விஷயத்தில் நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது, ஒரு சிறுபான்மைச் சமுதாயம் தன் வரலாற்றைத் தானே எடுத்துச் சொல்ல ஓர் இடம் அமைத்துக்கொண்டது என்பதைத்தான். 1887-இல் மக்தூம் சாயபு அங்கே நடத்தத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழைப் பற்றி இன்று பேச முடிவதும் அதன் பிரதிகளை எவரோ பாதுகாத்ததால்தான்.

இலங்கையில் 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவோடு, 2005-இல் இளைஞர்கள் சிலர் ஊதியமின்றித் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. இலங்கை முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் இடம்பெற்றுள்ளன. அவர்கள் பெரிய கட்டடத்திற்காகக் காத்திருக்கவில்லை.

இது பழம்பெருமை பேசும் ஆசை மட்டுமன்று. 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் ‘பயன்பாட்டின்வழி வக்ஃபு’ என்ற ஏற்பாட்டை இனிவரும் காலத்திற்கு நீக்கிவிட்டது. முன்பே பதிவானவையும்கூட, தகராறு இல்லாதவையாகவும் அரசு நிலம் அல்லாதவையாகவும் இருந்தால்தான் அந்த வகையில் நீடிக்கும். அவ்வாண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட ‘உமீது’ இணையதளத்தில் வக்ஃபுச் சொத்து விவரங்களை ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது, பல ஊர் முத்தவல்லிகள் பழைய பத்திரத்தையும் வரி ரசீதையும் தேடி அலைந்ததைக் கண்டோம். நூறாண்டுகளாகத் தொழுகை நடக்கும் இடம் என்று வாயால் சொல்வது வேறு, அதைக் காட்டும் காகிதத்தைக் கையில் வைத்திருப்பது வேறு.

நம் வீடுகளில் இன்னொரு புதையலும் உண்டு. தமிழை அரபு எழுத்தில், சில எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளியிட்டு எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் அவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்க நூல்களை அம்முறையில் இயற்றினார்கள். நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்து அறியாமலே அதில் படித்தவர்கள். இன்று அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் குர்ஆன் கிதாபு என்று கருதி மரியாதையோடு பரணில் ஏற்றிவிடுகிறார்கள், அல்லது பழுதான முஸ்ஹபுகளோடு சேர்த்துக் கடலில் விடுகிறார்கள். அது ஒரு பிரசவ மருத்துவக் குறிப்பாகவும் இருக்கலாம், ஒரு கடன் கணக்காகவும் இருக்கலாம்.

ஆகவே ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோள். பள்ளியின் மேல்மாடியில் பழைய பாய்கள் கிடக்கும் சிறு அறை போதும். முதலில் வேண்டியது கண்ணாடிப் பெட்டியன்று, ஒரு வரவுப் பதிவேடு. பொருளின் எண், கொடுத்தவர், நாள், அன்பளிப்பா இரவலா என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். இரவலாகத் தருபவருக்கு ரசீது கொடுத்தாக வேண்டும். இல்லையேல் பத்தாண்டு கழித்து அவர் மகன் வந்து கேட்கையில் பதில் இராது. காகிதத்தில் எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும், பேனாவால் அன்று. கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தை அரித்துவிடும். பத்திரங்களை லேமினேஷன் செய்யும் வழக்கத்தை அறவே விட வேண்டும். சூட்டில் ஒட்டிய உறையை மீண்டும் பிரிக்க முடியாது. நம் கரையின் உப்புக் காற்றுக்கும் ஈரத்திற்கும் சுவரை ஒட்டி அலமாரி வைக்கக் கூடாது, தரையிலிருந்து ஒரு முழம் உயரமாவது வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பொருள்களைத் தர மனமில்லாதவர்கள் ஒரு நாள் எடுத்து வந்தால், படம் பிடித்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடலாம். வலை பின்னும் ஊசி, பழைய ரேஷன் கார்டு, ஆலை வேலைச் சீட்டு, ஹஜ்ஜுக்குக் கப்பலில் போனவரின் பயணச்சீட்டு, எதுவானாலும் சரி. மீட்டெடுத்த இரண்டு பதிவேடுகளும் என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அந்த அறை ஒழிக்கப்படும் நாளில் வரவுப் பதிவேட்டின் முதல் இரண்டு எண்களுக்கு அவற்றை ஒப்படைக்கிறேன்.