அச்சத்தைக் கணக்கில் எழுதாத நிவாரணம்

2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, நீரில் மூழ்கிக் கிடந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பின்னர் பேரலை வந்தது. அது வெளிப்படுத்திய கல்வெட்டின் தடம் பற்றி, சாளுவன்குப்பத்தில் பழைய முருகன் கோயிலைத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கடலோர மக்களின் மூளையில் பதிந்ததோ வேறு தடம்.

எப்போது, எங்கே, யாருடன் என்னும் விவரங்களைப் பதிய லிம்பிக் மண்டலத்தின் ஹிப்போகாம்பஸ் வேண்டும். அவை மெல்லப் பெருமூளைப் புறணியில் நிலைபெறுகின்றன. அச்சத்தைப் பதிவதில் அமிக்டலாவுக்கே முதன்மைப் பங்கு. இவ்விரு நினைவுகளும் பிரியக் கூடியவை. புதிய நினைவு தங்காத ஒரு பெண்ணைப் பற்றி ஜெனீவாவின் கிளாபரேட் 1911இல் எழுதினார். கைகுலுக்கும்போது அவர் மறைத்து வைத்திருந்த ஊசி அப்பெண்ணைக் குத்தியது. நிகழ்ச்சி மறந்துபோயிற்று, ஆனாலும், பின்னர் கைநீட்ட மறுத்தார்!

நான் பயின்ற பொருளியல் மனிதரைக் கணக்கிட்டு முடிவெடுப்பவராகவே கொண்டது. நிவாரணமும் படகு, வலை, வீடு என்று எண்ணத்தக்கவற்றை எண்ணியது. ‘இனி அஞ்ச வேண்டாம்’ என்ற அறிவுரை புறணியோடு மட்டுமே பேசுகிறது. அலையோசை கேட்டுப் படபடக்கும் நெஞ்சு அதன் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. பழைய அச்சம் எளிதில் அழிவதுமில்லை. தீங்கற்ற அனுபவம் திரும்பத் திரும்ப நேரும்போது, நெற்றிப்புறப் புறணி அமிக்டலாவை அடக்கப் பழகுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். அந்நாட்களில் அடுப்பெரிய வேண்டுமே? ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு உதவித்தொகை வழங்கும் அரசுக்கு, பேரிடருக்குப் பிந்தைய மாதங்களையும் அவ்வாறே கருதுவது இயலாததன்று.