விருந்தோம்பும் பவளம்: ஒரு துடிப்பின் 200 ஆண்டு வரலாறு

பாறையில் ஒட்டி வாழும் ஓர் உயிரி, நாளின் பெரும்பகுதியும் தன் உணர்கொம்புகளை விரிப்பதும் குவிப்பதுமாக இருப்பது ஏன்? செங்கடலின் மென்பவளமான ஸீனியாவைக் குறித்த இக்கேள்விக்கு அளவீடுகளின் துணையோடு விடை கிடைக்க ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

1816இல் இப்பேரினத்தை நூலில் பதிவுசெய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க். மொழியியல் பயின்ற எனக்கு முதலில் கண்ணில் பட்டது பெயர்தான். கிரேக்கத்தில் அச்சொல் விருந்தோம்பலைக் குறிக்கும். விலங்குத் திசுவினுள் வாழும் மஞ்சள்நிற நுண்பாசிகளுக்கு 1881இல் கார்ல் பிராண்ட் 'ஸூக்ஸாந்தெல்லா' எனப் பெயரிட்டார். ஸீனியாவும் அத்தகைய பாசிகளுக்கு இடமளிக்கும் விருந்தோம்பியே. பெயரிட்ட காலத்தில் யாரும் அறிந்திராத பொருத்தம் இது.

துடிப்பு இரை பிடிப்பதற்கே எனக் கருதுவது இயல்பு. ஆனால் 1940இல் செங்கடலின் ஸீனியாக்களை விரிவாக ஆராய்ந்த எகிப்திய விலங்கியலாளர் கோஹர், அவை பாசிகளையே சார்ந்து வாழ்வதாக வாதிட்டார். அவ்வாறாயின், இத்தனை ஆற்றலைச் செலவிட்டுத் துடிப்பானேன்? புதிர் மேலும் இறுகியது.

விடைக்கான வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் நீரோட்டத்தை ஆராய்ந்தார். பாய்மத்தின் நிலைமத்துக்கும் பிசுக்குமைக்கும் உள்ள விகிதம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவ்வெண் மிகச் சிறிதாயின், முன்னும் பின்னும் ஒரே தடத்தில் அசையும் உறுப்பால் நீரை ஒரு திசையில் செலுத்த இயலாது என்பதை 1977இல் பர்செல் விளக்கினார். சிறு பவளமொட்டுகளின் உலகமும் அந்த எல்லைக்கு வெகுதொலைவில் இல்லை. ரெனால்ட்ஸ் எண் 10ஐ ஒட்டிய அளவை எட்டும்போதுதான் நீர் இடைவிடாது மேல்நோக்கிப் பாய்கிறது என்பதை லாரா மில்லர் குழுவின் கணினி மாதிரிகள் பின்னர் காட்டின.

2013இல் மாயா கிரெமியனும் உடனாய்வாளர்களும் ஈலாத் கடலடியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, நீரில் மிதக்கும் துகள்களின் நகர்வைப் படம்பிடித்தனர். துடிப்பு, திசுவில் தேங்கும் ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் கரியமில வாயுவைப் பிணைக்கும் ருபிஸ்கோ நொதியின் திறன் குறையும். அது அகன்றால் ஒளிச்சேர்க்கை பெருகும். அண்டை மொட்டு பயன்படுத்திய நீரே திரும்பி வருவதும் குறைகிறது. ஆக, அத்துடிப்பு பவளத்தின் பசிக்காக மட்டுமன்று. உள்ளே குடியிருக்கும் விருந்தினருக்கு மூச்சுவிட இடம் தரும் உழைப்புமாகும்.

வகைப்பாட்டியலாளர் பெயரிட்டார், விலங்கியலாளர் ஐயம் எழுப்பினார், பாய்மவியல் அளந்து காட்டியது. தத்தம் துறை எல்லைக்குள்ளேயே ஆய்வுத்தலைப்பைத் தேடும் நம் போன்றோர், நாம் கைவிட்ட கேள்விக்கான கருவி அடுத்த துறையின் ஆய்வகத்தில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.