இரைப்பையை எடுத்த பிறகு என்ன சாப்பிடலாம்? ஜிகர்தண்டா ஏன் வேண்டாம்?

மதுரையில் ஊரே 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் வயிற்று ஆபரேஷன் முடிந்து, உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ ஒருவர் வீடு திரும்புகிறார். பார்க்க வருபவர்கள் கையில் என்ன இருக்கும்? ஹார்லிக்ஸ், ஜூஸ், பழம். கூடவே, "உடம்பு தேறணும்ல, நல்லா வயிறு நிறைய சாப்பிடுங்க" என்ற அன்புக் கட்டளை. புற்றுநோய் போன்ற காரணங்களால் இரைப்பையை அகற்றியவர்களுக்கு இந்த அன்பே சிக்கலாகிவிடலாம்.

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா?

முடியும். 1881-ல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். 1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் முழு இரைப்பையையும் எடுத்தார். செரிமானத்தின் பெரும்பகுதி சிறுகுடலில் நடப்பதால், உணவுக்குழாயைக் குடலோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள்.

ஆனால் சாப்பிட்டதைச் சேர்த்து வைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும் வேலையை இரைப்பைதான் செய்து வந்தது. அது போனதும் எல்லாம் 'டமார்' என்று குடலில் போய் விழும். இதுதான் 'டம்பிங் சிண்ட்ரோம்'.

ஜிகர்தண்டாவில் என்ன பிரச்சினை?

சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என அத்தனையும் இனிப்பு. அதுவும் திரவமாக. இப்படிப்பட்ட இனிப்பு வேகமாகக் குடலுக்குள் போனால், உடம்பிலுள்ள நீரை உள்ளே இழுக்கும். 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரலாம். 'பலவீனம்' என்று நினைத்து உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். சற்று சாய்ந்து படுத்தாலே குறையும்.

1 முதல் 3 மணி நேரம் கழித்து கை நடுக்கமும் கிறுகிறுப்பும் வந்தால் அது வேறு. இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை அளவு இறங்குவதால் வருவது. அப்போது கொஞ்சம் சர்க்கரை தேவைப்படும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்போ எதைச் சாப்பிடுவது?

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்று, ஒன்றரை இட்லி போதும். முட்டை, மீன், பாசிப்பருப்பு என புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். நன்றாக மென்று சாப்பிட வேண்டும். பனங்கிழங்கு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்றவை உருண்டு குடலை அடைக்கலாம். ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டே பழகியவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்!

மறக்கக்கூடாத ஊசி

பி12 சத்தை உடம்பு ஏற்க உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. முழு இரைப்பையும் போனால் வாழ்நாள் முழுக்க பி12 சிகிச்சை தேவை. பெரும்பாலும் ஊசியாகப் போடுவார்கள். கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஊசியை விட்டவர்களுக்கு, சில வருடம் கழித்து பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நரம்பு பாதிப்பு முற்றினால் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். இரும்புச்சத்து, கால்சியம் அளவையும் பார்க்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் எடை குறைவது வழக்கம்தான். ஆனால் காய்ச்சல், நிற்காத வாந்தி, கருப்பு நிற மலம், எச்சில்கூட விழுங்க முடியாத நிலை இருந்தால், அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.