ஆயிலும் குடிக்குது... பெட்ரோலும் குடிக்குது... லட்சம் கி.மீ தாண்டிய காருக்கு இன்ஜின் வேலை அவசியமா?

ஒரு வளைவில் திரும்பும்போது ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. ஓரங்கட்டி, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. ஆயில் மாற்றி 4,000 கி.மீ-தான் ஆகிறது. கூடவே இன்னொரு வருத்தம். லிட்டருக்கு 16 கி.மீ கொடுத்துக்கொண்டிருந்த கார், இப்போது 12-க்கே முக்குகிறது. ஓடோமீட்டரில் 1.4 லட்சம் கி.மீ. ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: ‘‘இன்ஜின் முடிஞ்சுது சார். இறக்கி வேலை பார்த்துடலாம்!’’

உடனே தலையாட்டிவிடாதீர்கள். இன்ஜினை இறக்கி ஏற்றுவது சின்னச் செலவு இல்லை. பழைய காரின் மார்க்கெட் விலையில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். அவ்வளவு செலவழித்த பிறகும் மைலேஜ் ஏறவில்லை என்றால்? அப்படி நடப்பதும் உண்டு. ஏனென்றால், ஆயில் குறைவதும் மைலேஜ் குறைவதும் பல நேரங்களில் இரண்டு தனித்தனி வியாதிகள். வயதான காரில் ரெண்டும் ஒரே நேரத்தில் வருவதால், ஒரே காரணம்தான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

எனவே, முதலில் ரெண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள்!

‘ரொம்ப ஆயில் குடிக்குது’ என்பது புகார்தான், அளவு இல்லை. அளவு தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

சமதளத்தில் காரை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, மறுபடி செருகி எடுங்கள். மேல் கோடு வரை ஆயிலை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். 1,000 கி.மீ ஓடியதும், அதே இடத்தில், அதே மாதிரி பாருங்கள். மறுபடி மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று கேனின் பக்கவாட்டு அளவுக்கோட்டில் தெரிந்துவிடும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கும்.

1,000 கி.மீ-க்கு 200, 300 மில்லி குறைந்தால், வயதான இன்ஜினுக்கு அது பெரிய விஷயமே இல்லை. பல நிறுவனங்களின் கையேட்டிலேயே அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால், அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேட ஆரம்பியுங்கள். ஒரு லிட்டரை நெருங்கினால் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆயில் குறையவே இல்லை, ஏறியிருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். ஒழுகும் இன்ஜெக்டர், இன்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குட்டிக் குட்டிப் பயணங்கள் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். ஆயில் எரிந்து குறைவதை இந்தக் கலப்பு மறைத்துவிடவும் செய்யும்.

மைலேஜையும் இப்படியே அளக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில், தானாக கட்-ஆஃப் ஆகும் வரை நிரப்புங்கள். அடுத்தடுத்து மூன்று முறை இப்படி நிரப்பி, ஓடிய மொத்த கி.மீ-யைப் போட்ட மொத்த லிட்டரால் வகுங்கள். 1,260 கி.மீ-க்கு 96 லிட்டர் என்றால், 13.1. இதுதான் உங்கள் நிஜமான மைலேஜ்.

எத்தனால் மீது எவ்வளவு பழி போடலாம்?

‘எல்லாம் இந்த E20 பெட்ரோலால வந்தது’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ட்யூன் செய்யப்பட்ட கார்களில் 6 - 7 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்று கணித்திருந்தது.

அதாவது, 16 கொடுத்த கார் 15-க்கு வந்தால் எத்தனாலைத் திட்டலாம். 12-க்கு வந்தால், மீதி மூன்று கி.மீ-யை வேறு எதுவோ தின்கிறது. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆயில் எங்கே போகிறது?

ஒன்று வெளியே ஒழுகும். இல்லை உள்ளே எரியும். அபூர்வமாக கூலன்ட்டில் கலக்கும். இந்த மூன்றைத் தவிர வேறு வழி கிடையாது.

ஒழுகலைப் பார்க்க ராத்திரி காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீல்... வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் இவைதான். அட்டை சுத்தமாக இருந்தாலும் ஒழுகல் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சில பேக்கிங்குகள் இன்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்து, சூடான சைலன்சர் பைப் மீது விழுந்து கருகிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் கருகும் வாசம் வந்தால் இதுதான் விஷயம். இன்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் கசியும் இடம் தெரிந்துவிடும்.

கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்க்க, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். பால் டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், காரை ஓட்டாமல் கட்டியிழுத்துக்கொண்டு போவதே நல்லது.

புகை சொல்லும் சேதி

ஒழுகலும் இல்லை, கலப்பும் இல்லை என்றால், ஆயில் எரிகிறது. நீலப் புகைதான் அதற்குச் சாட்சி. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. அது ஆயில் சமாசாரம் இல்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பான வாசம் வந்தால் கூலன்ட் எரிகிறது.

நீலப் புகை எப்போது வருகிறது என்பது ரொம்ப முக்கியம். நண்பர் ஒருவரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

1. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ‘புஸ்’ஸென்று வந்து நின்றுவிடுகிறதா? வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ராத்திரி முழுக்கச் சொட்டிய ஆயில்தான் அப்படி எரிகிறது.

2. ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி மலையில், கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கிவந்து, மறுபடி மிதிக்கும்போது புகைகிறதா? இதிலும் வால்வு சீல், வால்வு கைடு மீதுதான் முதல் சந்தேகம்.

3. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் விடாமல் புகைகிறதா? பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் பக்கம் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் காரில் புகையே தெரியாமலும் ஆயில் எரியும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓரளவு புகையை மறைத்துவிடும். அதனால், புகை இல்லை என்றாலும் அடுத்த கட்டச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

மலிவான குற்றவாளி: பிசிவி வால்வு

இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இழுத்து, மறுபடி எரிக்க அனுப்பும் சின்ன வால்வு இது. கசடு அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் வழியாக ஆயிலைத் தள்ளும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால், ஆயிலை அப்படியே உறிஞ்சி எரிக்கும். இரண்டுமே ‘ரிங் போயிடுச்சு’ என்பது மாதிரியே தெரியும். இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. எனவே, முதலில் இதையும் இதன் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயிலை நிரப்பி வைப்பதும் இதே வழியாகத்தான் ஆயிலை எரியவிடும்.

கம்ப்ரஷன் ரீடிங் கேளுங்கள்

இதற்குப் பிறகும் ஆயில் குறைந்தால், ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் இறங்குகிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லா ப்ளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும். உதாரணத்துக்கு, நான்கு சிலிண்டரில் 175, 170, 120, 172 பிஎஸ்ஐ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். 120 என்பது 160-க்கு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இந்த ஆயில் விடும் சோதனை பெட்ரோல் இன்ஜினுக்கானது, டீசலில் வேண்டாம்.

நான்கும் நன்றாக, சமமாக இருந்தும் ஆயில் குறைகிறதா? வால்வு சீல் கம்ப்ரஷனில் தெரியாது. ஆயிலை வழிக்கும் அடி ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. வால்வு சீலைப் பல கார்களில் இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். ஒட்டிய ரிங்கை, பிஸ்டன் மேல் கரி நீக்கும் திரவத்தை ஊறவைத்து விடுவிக்கப் பார்க்கலாம். பிறகு கண்டிப்பாக ஆயிலை மாற்ற வேண்டும். எல்லா காரிலும் பலிக்காது. ஆனால், இன்ஜினை இறக்குவதற்கு முன்பு முயன்று பார்க்கலாம்.

‘இன்ஜின் வேலை’ என்று யார் சொன்னாலும், ‘ரீடிங் எவ்வளவு வந்துச்சு? பேப்பர்ல எழுதிக் குடுங்க’ என்று கேளுங்கள். எண் இல்லாமல் இன்ஜினைத் தொடவிடாதீர்கள்.

மைலேஜைத் தின்பவை

செலவில்லாததில் இருந்து ஆரம்பிப்போம்.

டயர் காற்று: கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி இருக்கிறதா? கம்பெனி சைஸைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால், ஓடோமீட்டர் நிஜத்தைவிடக் குறைவான கி.மீ-யைக் காட்டும்; கணக்கில் மைலேஜ் குறைந்த மாதிரி தெரியும்.

பிரேக் பிடித்தம்: அதிகம் பிரேக் அடிக்காமல் ஐந்தாறு கி.மீ ஓட்டிவிட்டு, ஒவ்வொரு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு வீல் மட்டும் அனலடித்தால் காலிப்பர் பிடிக்கிறது.

கிளட்ச்: நான்காவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது, வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது.

தெர்மோஸ்டாட்: நம்ம ஊர் பழைய கார்களில் இது தனிக் கதை. ‘வண்டி ஹீட் ஆகுது’ என்று போனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்குப் பிறகு இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கே திணறும். ‘இன்னும் சூடாகலை’ என்று இசியு பெட்ரோலைக் கூடுதலாகவே தெளித்துக்கொண்டிருக்கும். தேய்மானமும் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் குளிர்ந்திருந்து, பிறகு திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால், அது திறந்தே இருக்கிறது. அல்லது அங்கே இல்லவே இல்லை!

கெட்டி ஆயில்: ஆயில் குடிக்கிறது என்று, 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவார்கள். ஆயில் குறைவது கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால், அந்தக் கெட்டி ஆயிலைக் கடைந்துகொண்டு ஓடவே இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். ஒரு வியாதிக்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வளர்ப்பது என்பது இதுதான்.

இவை எல்லாம் சரி என்றால், ஓபிடி ஸ்கேனரை மாட்டி ‘லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம்’ பாருங்கள். பிளஸ், மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸில் ஆழமாகப் போனால், பெட்ரோல் தேவைக்கு அதிகமாகப் போய், இசியு அதைக் குறைக்கப் பார்க்கிறது: இன்ஜெக்டர், சென்சார்களைக் கவனியுங்கள். பிளஸில் எகிறினால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம்.

ரெண்டு வியாதியும் சேரும் இடம்

ஆயில் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் ஆக்ஸிஜன் சென்சார் மீதும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மீதும் படியும். சென்சார் மந்தமானால் பெட்ரோல் கணக்கு தப்பும். கன்வெர்ட்டர் அடைத்தால் புகை வெளியேற முடியாமல் கார் இழுக்காது. ஆயில் எரிவதை வருடக்கணக்கில் விட்டுவைத்தால், கடைசியில் மைலேஜையும் அது தின்றுவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு

மாதம் 1,000 கி.மீ ஓட்டுகிறீர்கள். 300 மில்லி ஆயில் குறைகிறது. லிட்டர் 500 ரூபாய் என்றால், மாதச் செலவு 150 ரூபாய். மைலேஜ் 16-லிருந்து 12-க்கு இறங்கியதால் கூடுதலாக எரிவது சுமார் 21 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே, மாதம் 2,100 ரூபாய் போகிறது. பணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் துரத்த வேண்டியது மைலேஜைத்தான்.

ஆனால், இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஆயில்தான். ஆயில் விளக்கு அளவைக் காட்டும் விளக்கு இல்லை; அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. அது எரிந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஆயில் குடிக்கும் கார் பல வருஷம் ஓடும். ஆயில் இல்லாத கார் அடுத்த ஊரைத் தாண்டாது.

டிக்கியில் உங்கள் காருக்கான கிரேடில் ஒரு லிட்டர் கேன், டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு. பெட்ரோல் போடும் நாளில், காலையில் கிளம்பும் முன்பு டிப் ஸ்டிக்கை ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். அடுத்த முறை ‘இன்ஜின் முடிஞ்சுது சார்’ என்று யாராவது சொன்னால், அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்!