அவசர மருத்துவப் பயிற்சியும் பிற்ஸ்பேர்க் அனுபவமும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளின் கண்டுபிடிப்பையும் சத்திரசிகிச்சையின் வளர்ச்சியையுமே விரித்துரைப்பர். நோயாளி வைத்தியசாலையின் வாயிலை அடையுமுன்னரும், அடைந்த முதல் அரைமணி நேரத்திலும் அவருக்குப் பொறுப்பாளர் யார் என்ற வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா ஆராய்ச்சிக்கும் பயிற்சி நெறிகளுக்கும் உரிய பொருளானது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேயாகும்.

அதற்கு முன்னிருந்த நிலையை 1966 இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை தெளிவுபடுத்துகின்றது. 1965 ஆம் ஆண்டில் மட்டும் விபத்துக்களால் 107,000 பேர் மாண்டனர். நாட்டின் அம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ அரைப்பங்கை நடத்தியவர்கள் பிரேத அடக்கத் தொழில் செய்தோராவர். ஒருவரைக் கிடத்திக் கொண்டுசெல்ல இடமிருந்த வாகனம் பிரேத வண்டியே என்பதன்றி இதற்கு வேறு பெருங்காரணம் இல்லை. வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சை அறைகளோ அனுபவம் குறைந்த பயிற்சி வைத்தியர்களிடமும், முறைவைத்து வந்துபோகும் பிற துறையினரிடமும் விடப்பட்டிருந்தன.

இந்நிலையை மாற்றியோருள் வியன்னாவிற் பிறந்த பீற்றர் சபார் (1924–2003) தனித்து நோக்கற்பாலர். மயக்கமருந்தியலாளரான இவர், 1950களின் பிற்பகுதியில் போல்ற்றிமோர் நகர வைத்தியசாலையில் நடத்திய பரிசோதனைகள் துணிகரமானவை. தாமாக முன்வந்தோருக்கு உறக்கமருந்தும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுத்து, அவர்களது சுவாசத்தை நிறுத்தினார். அக்காலத்தில் எங்கும் கற்பிக்கப்பட்ட முறை, முதுகை அழுத்திக் கைகளை உயர்த்துதலாகும். மயங்கியவரின் நாக்கு பின்சரிந்து சுவாசவழியை அடைத்துவிடுவதால் அம்முறை பயனற்றது என்பதும், தலையைப் பின்னோக்கிச் சாய்த்து வாயோடு வாய்வைத்து ஊதினாற் போதிய காற்று நுரையீரலை அடைகின்றது என்பதும் அளந்து நிறுவப்பட்டன. இன்றைய ஆராய்ச்சி ஒழுக்கக் குழு எதுவும் இத்தகைய பரிசோதனைக்கு எளிதில் இசையாது என்றே எண்ணுகின்றேன். ஆயின் அதன் பயனை மறுப்பாரும் இலர். 1960 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கூவென்ஹோவன், யூட், நிக்கர்பொக்கர் ஆகியோர் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இரத்தவோட்டத்தை நிலைநிறுத்தும் முறையை வெளியிட்டனர். இரண்டும் இணைந்தே இன்றைய உயிர்மீட்பு முறை உருவாயிற்று.

சபாரின் பரிசோதனைகளில் ஊதியவர்களுட் பலர் மருத்துவம் கல்லாத சாதாரண மக்கள் என்பதை இவ்விடத்தில் வலியுறுத்துதல் வேண்டும். இரத்தவோட்டம் நின்று சில நிமிடங்களுள் மூளை பழுதுறத் தொடங்கும். அந்நிமிடங்களுள் வைத்தியர் வந்துசேரார். எனவே வைத்தியரல்லாதாருக்குப் பயிற்சியளித்தல் கருணையினாற் செய்யும் சலுகையன்று. ஆராய்ச்சி முடிபே அதனை வேண்டி நின்றது.

1961 இற் சபார் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அந்நகரில் நோயாளரைக் கொண்டுசெல்லும் பணி பொலிசாரிடம் இருந்தது. பொலிஸ் வண்டியின் பின்புறத்தில் நோயாளி கவனிப்பாரின்றிக் கிடந்து செல்வது வழக்கம். 1966 நவம்பரில் முன்னாள் ஆளுநர் டேவிட் லோரன்ஸ் ஒரு கூட்டத்தில் மயங்கி வீழ்ந்து, அவ்வாறே கொண்டுவரப்பட்டுச் சில வாரங்களின் பின் மறைந்தார். அதே ஆண்டிற் சபாரின் இளம் மகள் எலிசபெத்தும் ஈழை நோயின் கடுமையால் உயிரிழந்தாள்.

1967 இற் பிரீடம் ஹவுஸ் என்னும் அமைப்புடனும், போல்க் மருத்துவ நிதியத்தின் பிலிப் ஹாலனுடனும் சேர்ந்து சபார் ஒரு பயிற்சி நெறியைத் தொடங்கினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் என்னும் வறிய பகுதியிலிருந்து மாணவர்கள் தெரிவுசெய்யப்பட்டனர். வேலையற்றோர், வியட்நாம் போரிலிருந்து மீண்டோர், உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடிக்காதோர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். ஏறத்தாழ 300 மணிநேரப் பயிற்சியில் உடலமைப்பியல், உடற்றொழிலியல், உயிர்மீட்பு, தாதியியல், பாதுகாப்பாக வாகனம் செலுத்துதல் என்பன கற்பிக்கப்பட்டன. வைத்தியசாலைக்குள்ளும் அவர்கள் பயின்றனர். 1968 இற் சேவை தொடங்கியது. “வேலைக்குத் தகுதியற்றோர்” என ஒதுக்கப்பட்டவர்கள், நாட்டின் பெரும்பாலான நகரங்களில் அப்போது கிடைக்காத சிகிச்சையைத் தம் அயலவருக்கு வீதியிலேயே வழங்கினர். நகரின் வசதிமிக்க பகுதிகளுக்கு அது கிட்டவில்லை என்பது வரலாற்றின் விசித்திரம்.

பின்னர் மருத்துவப் பணிப்பாளரான நான்சி கரோலின் என்னும் வைத்தியர் அவர்களுடன் வண்டியிற் சென்று, களத்திலேயே கற்பித்தார். அவ்வனுபவத்தின் அடியாகப் பிறந்த பாடநூல் 1979 இல் வெளியாகி, பல தலைமுறை மாணவருக்குப் பயன்பட்டது.

ஆனால் நகர நிருவாகம் அச்சேவைக்கு ஆதரவு காட்டவில்லை. 1975 இல் மாநகரம் தனது சொந்தச் சேவையை நிறுவியபோது பிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் ஊழியர்கள் புதிய சேவையிற் சேர்க்கப்பட்டனராயினும், தாம் செய்து தேர்ந்த தொழிலுக்கே மீண்டும் பரீட்சை எழுத வேண்டியவராயினர். பலர் விலக நேர்ந்தது. நிதி நெருக்கடியே காரணம் எனக் கூறி இதனைக் கடந்துவிட இயலாது. சேவை வேண்டாமென்று நகரம் முடிவுசெய்யவில்லை, அதனை நடத்தியோரையே மாற்றிற்று.

வைத்தியர்களுக்கான கிளை வேறுவிதமாக வளர்ந்தது. 1970 இற் சின்சினாற்றி பல்கலைக்கழகம் அவசர மருத்துவத்துக்கெனத் தனிப் பட்டப்பின் பயிற்சியைத் தொடங்கிற்று. புரூஸ் ஜனியாக் அதன் முதல் மாணவர். 1979 இல் அத்துறை தனிச் சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது. துறையின் பிறப்பைக் கூறுவோர் இவ்விரு ஆண்டுகளையும் தவறாது குறிப்பிடுவர். 1967 ஐயும் 1975 ஐயும் குறிப்பிடுவோர் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தனர். பிரீடம் ஹவுசிற் பயின்று புதிய சேவையில் நிலைத்துநின்ற சிலருள் ஒருவரான ஜோன் மூன், அச்சேவையின் உதவித் தலைவராக உயர்ந்து 2009 இல் ஓய்வுபெற்றார்.