வாடுவதற்கு முன்பே தெரியும் பயிரின் வாட்டம்: ஒளிரும் உணரிகள் செயல்படும் விதம்

கடும் வெப்பம், வறட்சி, உவர் நிலம், நோய்க்கிருமி ஆகியவற்றால் பாதிக்கப்படும் பயிரின் செல்களுக்குள், இலை மஞ்சளாவதற்கு முன்பே வேதி மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. செடியைச் சிதைக்காமல் அம்மாற்றங்களைக் காண உதவுபவை ஒளிரும் உணரிகள். இந்தியாவில் 2022-ம் ஆண்டு மார்ச் மாதம், 122 ஆண்டுகாலப் பதிவுகளில் இல்லாத வெப்பம் கோதுமை மணிகள் முற்றும் பருவத்தில் தாக்கியது. அவ்வாண்டு மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. இத்தகைய வெப்பத்தை எந்த ரகம் தாங்கும் என்பதை விளைச்சல் குறைவதற்கு முன்பே அறிய வேண்டிய தேவை இருப்பதால், இந்த ஆய்வு கவனம் பெறுகிறது.

ஒளிச்சேர்க்கையின்போதும் சுவாசத்தின்போதும் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள் செல்லில் இயல்பாகவே உருவாகின்றன. குளுட்டாதயோன், அஸ்கார்பிக் அமிலம், கேட்டலேஸ் நொதி ஆகியவை அவற்றை அவ்வப்போது அகற்றுகின்றன. உற்பத்தி இந்தப் பாதுகாப்பை மிஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. எனினும் ஹைட்ரஜன் பெராக்சைடு வெறும் நச்சு அன்று. ஆபத்தை மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கும் தூதும் அதுவே. ஆகவே அதன் அளவை மட்டும் அறிந்தால் போதாது; செல்லின் எந்தப் பகுதியில், எப்போது உயர்ந்தது என்பதும் தெரிய வேண்டும்.

பழைய முறைகளில் இதற்கு இடமில்லை. பெராக்சைடு உள்ள இடத்தைப் பழுப்பாக்கும் டிஏபி சாயம் இட்ட இலையைச் சாராயத்தில் கொதிக்கவைத்துப் பச்சையத்தை நீக்கிய பிறகே காண முடியும். அதற்குள் இலை இறந்துவிடும். டைகுளோரோஃபுளோரசீன் வகைச் சாயம் உயிருள்ள திசுவில் ஒளிர்ந்தாலும், பல ஆக்சிஜனேற்றிகளுடன் வேறுபாடின்றி வினைபுரிகிறது. ஒருமுறை ஒளிர்ந்தபின் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இக்குறையைப் பெருமளவு தீர்த்தது ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதம். ஒசாமு ஷிமோமுரா 1962-ல் கண்டறிந்த இப்புரதத்திற்காக, அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்புரதத்தின் மேற்பரப்பில் இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களைப் பொருத்தி உருவாக்கப்பட்டதே ரோஜிஎஃப்பி. ஆக்சிஜனேற்றம் அடையும்போது இவ்விரண்டும் பிணைகின்றன. அப்போது 405 நானோமீட்டர் ஒளியால் தூண்டப்படும் ஒளிர்வு கூடுகிறது, 488 நானோமீட்டர் ஒளியால் தூண்டப்படும் ஒளிர்வு குறைகிறது. இவ்விரண்டின் விகிதமே அளவீடு. பிரகாசத்தை மட்டும் நம்பினால் இலையின் தடிமனும் புரதத்தின் அளவும் முடிவைத் திரித்துவிடும். விகிதத்தில் அந்தச் சிக்கல் பெருமளவு நீங்குகிறது. மேலும், அழுத்தம் தணிந்தால் உணரியும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஈஸ்ட்டின் ஆர்ப்1 புரதத்தை இதனுடன் இணைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடையும், மனித குளுட்டாரெடாக்சினை இணைத்தால் குளுட்டாதயோனின் நிலையையும் தனித்து அறியலாம். 2006-ல் வெளிவந்த ஹைப்பர் என்னும் மற்றோர் உணரியும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் அமில, கார மாற்றத்தாலும் அதன் ஒளிர்வு மாறுவதால், அதன் அளவீடுகளை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும்.

ஆக்சிஜன் வகைகளின் தூது இலைக்கு இலை பரவுவதை 2009-ல் ரான் மிட்லர் குழுவினர் அராபிடாப்சிஸ் செடியில் காட்டினர். அதன் வேகம் நிமிடத்திற்கு 8.4 சென்டிமீட்டர் வரை இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்ட்ரானோ குழுவினர் 2020-ல் மரபணு மாற்றமே இல்லாமல், கார்பன் நானோகுழாய் உணரிகளை இலைக்குள் செலுத்தினர். பசலைக் கீரை, லெட்யூஸ் உள்ளிட்ட ஆறு தாவரங்களில், காயத்தால் எழும் பெராக்சைடு அலை நிமிடத்திற்கு 0.44 முதல் 3.10 சென்டிமீட்டர் வேகத்தில் பரவுவதை அவர்கள் அளந்தனர். இவ்வுணரிகள் அண்மை அகச்சிவப்பில் ஒளிர்வதால் பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வு குறுக்கிடுவதில்லை.

வயலுக்கு வருவதில்தான் தடை உள்ளது. ரோஜிஎஃப்பி செடிகள் மரபணு மாற்றப்பட்டவை என்பதால், இந்தியாவில் அவற்றைத் திறந்தவெளியில் வளர்க்க மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் நடைமுறைக்கு உட்பட வேண்டும். ஒவ்வொரு ரகத்திலும் உணரி மரபணுவைத் தனியே புகுத்துவதும் எளிதன்று. நானோ உணரிக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் அலையின் வேகமும் வடிவமும் தாவரத்திற்குத் தாவரம் மாறுவதால், கோதுமைக்கோ நெல்லுக்கோ பயன்படுத்தும் முன் அந்தந்தப் பயிரின் இயல்பு நிலையைத் தனியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.